கத்தி யார் கையில? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்ப, சர்ஜரியில மேல வரணும்னா பரீட்சை மார்க் பாதி, யாருக்குக் கீழ வேலை செஞ்சோம்ங்கிறது பாதின்னு போற போக்குல எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த வாட்ஸ்அப், மெயில் எல்லாமே அதப் பத்திதான். ஹவுஸ்மேன் (படிப்பு முடிச்சு பயிற்சியில இருக்கிற புது டாக்டர்), எம்.ஓ. (அதுக்கு அடுத்த படி, மெடிக்கல் ஆபீசர்), லெக்சரர்னு ஆளாளுக்கு எழுதியிருக்கீங்க, ஒரு அம்மாகூட எழுதியிருக்காங்க. அதனால இந்த மாசம் முழுக்க அதேதான். மூலம், தைராய்டு, பித்தப்பை கல்லுன்னு கேள்வி அனுப்புனவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்.

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் சர்ஜரியில எம்.ஓ.வா இருக்கேன், மாஸ்டர்ஸ் (சர்ஜன் ஆகுறதுக்கான மேற்படிப்பு) முடிச்சு அப்புறம் யுனிவர்சிட்டி பக்கம் லெக்சரரா போகணும்னு ஆசை. என் பாஸ் ஓ.டி.யில (ஆபரேஷன் தியேட்டர்ல) பயங்கர கெட்டிக்காரர், கை அவ்ளோ சுத்தம், ஆனா ரிசர்ச் பக்கம் தலைவச்சுக்கூட படுக்க மாட்டார், ரிசர்ச் பேப்பர்னு சொன்னாலே சிரிக்கிறார். எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற யுனிவர்சிட்டி ப்ரொஃபசர் ஒருத்தர் இருக்கார், வருஷம் பூரா பேப்பரா போடுவார், ஆனா அவர்கிட்ட போனா கேஸ் கிடைக்காதுன்னு சீனியருங்க பயமுறுத்துறாங்க. யாரப் புடிச்சுக்கிறது? – ஒரு எம்.ஓ., கோலாலம்பூர்

பதில்: தம்பி, ஒருத்தரத்தான் புடிக்கணும்னு யார் சொன்னது? எல்லாத்தையும் ஒரே ஆள்கிட்ட எதிர்பாக்குறதுதான் நம்ம புள்ளைங்க நெறைய பேருக்கு இருக்கிற கோளாறு.

ஹார்வி குஷிங்க எடுத்துக்கோங்க, மூளை ஆபரேஷன ஒரு தனித் துறையா நிறுத்துனவர். 1896ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஹால்ஸ்டட்கிட்ட போய் சேர்ந்தார். ஹால்ஸ்டட்தான் வார்டுலயே கெடந்து படிப்படியா பொறுப்பு கூடிக்கிட்டே போற ரெசிடென்சி பயிற்சிய அமெரிக்காவுல சர்ஜரிக்குக் கொண்டுவந்தவர், நம்ம மாஸ்டர்ஸ் ப்ரோக்ராம்ல இன்னைக்கும் அதோட சாயல் இருக்கு. ஆனா மனுஷன் பழகுறதுக்கு லேசு இல்ல, ஒதுங்கியே இருப்பார், பல நாள் ஆளையே பாக்க முடியாது, மரத்துப்போற மருந்தா கொக்கேய்ன தன் மேலயே சோதிக்கப் போய் அதுக்கே அடிமையானவர் வேற. குஷிங் அவர்கிட்ட வாங்கிக்கிட்டது கைய மட்டும்தான், ரத்தம் சிந்தாம, திசுவ நசுக்காம, அவசரப்படாம வெட்டுற கை. அதே ஆஸ்பத்திரியில வில்லியம் ஆஸ்லர் இருந்தார், அவர் சர்ஜனே கெடையாது, ஃபிசிஷியன். புத்தகப் பைத்தியமும் எழுத்தும் குஷிங்குக்கு அவர்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சு, பின்னாடி ஆஸ்லரோட வாழ்க்கை வரலாற எழுதி 1926ல புலிட்சர் பரிசே வாங்குனார். 1900ல ஐரோப்பா போனவர் சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்துல கோக்கர்கிட்ட இருந்தார், மண்டைக்குள்ள அழுத்தம் ஏறுனா ரத்த அழுத்தமும் கூடவே ஏறுதுன்னு சோதிச்சுப் பாத்தது அங்கதான். ஹெட் இஞ்சுரி கேஸ்ல குஷிங் ரிஃப்ளெக்ஸ்னு நீங்க எழுதுறீங்களே, அது. கைக்கு ஒருத்தர், எழுத்துக்கு ஒருத்தர், ரிசர்ச்சுக்கு ஒருத்தர்.

உங்க பாஸ விட்டுட்டுப் போகாதீங்க. நல்ல கை உள்ள பாஸ் கிடைக்கிறது சாதாரண விஷயமில்ல, இந்த வயசுல கை பழகலன்னா அப்புறம் எத்தன பேப்பர் போட்டும் ஒண்ணும் ஆகாது. ப்ரொஃபசர்கிட்ட போய் "சார், எனக்கு மென்டரா இருங்க"ன்னு கேக்காதீங்க, அவர் பாவம் தலையாட்டிட்டு மறந்துடுவார். சின்னதா ஒரு வேலை கேளுங்க, "சார், போன வருஷ அப்பெண்டிக்ஸ் கேஸ் ஃபைல் எல்லாம் எடுத்து டேட்டா போட்டுத் தரவா"ன்னு. சொன்ன தேதிக்கு முன்னாடி கொண்டுபோய் குடுங்க. அவ்ளோதான், அடுத்த வேலை தானா வரும்.

அப்புறம் கேஸ் கிடைக்காதுன்னு சீனியருங்க சொல்றது. அத காதால கேட்டு நம்பாதீங்க. மாப்பிள்ளை பாக்குறப்ப நம்ம வீட்டு பெரியவங்க நாலு எடத்துல விசாரிப்பாங்கல்ல, அந்த மாதிரி விசாரிங்க. கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இவர்கிட்ட இதுக்கு முன்னாடி இருந்தவங்கெல்லாம் இப்ப எங்க இருக்காங்க? அவரோட பேப்பர் எத்தனைன்னு இணையத்துல தட்டுனா அஞ்சு நிமிஷத்துல வந்துரும், அது அவரப் பத்தின கணக்கு. அந்த பேப்பர்ல முதல் பேரா இருந்த ட்ரெய்னி (பயிற்சி டாக்டர்) யார் யார், அவங்க அதுக்கப்புறம் சொந்தமா ஏதாச்சும் எழுதுனாங்களா, கன்சல்டன்ட் ஆனாங்களா, இல்ல காணாமப் போயிட்டாங்களா, அதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு.

மினசோட்டாவுல ஓவன் வாங்கன்ஸ்டீன்னு ஒரு சர்ஜரி தலைவர் இருந்தார், 1930லேருந்து 1967 வரைக்கும். சர்ஜரி கத்துக்க வர்றவங்கள லேபுக்குள்ள தள்ளிவிட்டு ரிசர்ச் பண்ண வைப்பார். அவர் டிபார்ட்மென்ட்ல இருந்து வந்தவங்க யார்னு பாருங்க, ஓப்பன் ஹார்ட் ஆபரேஷனுக்கு வழி போட்ட லில்லெஹை, ஹார்ட் ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு அடித்தளம் போட்ட ஷம்வே, 1967 டிசம்பர் 3ஆம் தேதி கேப் டவுன்ல மனுஷனுக்கு மனுஷன் இதயத்த முதல் முதலா மாத்தி வச்ச பர்னார்ட். பர்னார்ட் படிச்சு முடிச்சு ஊருக்குத் திரும்புறப்ப ஒரு ஹார்ட்-லங் மெஷினும் கூடவே போறதுக்கு ஏற்பாடு பண்ணது வாங்கன்ஸ்டீன்தான். பாடம் சொல்லிக் குடுக்க நெறைய பேர் இருக்காங்க, நாம இல்லாத ரூம்ல நமக்காக வாயத் தொறக்குறவங்க ரொம்பக் கம்மி.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். நம்ம மலேசியாவுல 2016 கடைசியிலேருந்து புது டாக்டருங்க கான்ட்ராக்ட்லதான் உள்ள வர்றீங்க, 2021 ஜூலை 26ஆம் தேதி ஹர்த்தால்னு வேலைய விட்டு வெளிய வந்து போராடுனதும் அதுக்காகத்தான். சம்பளம், நிரந்தரம் பத்தியெல்லாம் எல்லாரும் பேசுனாங்க. ஒரே ஆள் கண்ணுல தொடர்ந்து பட்டாத்தானே அவருக்கு நம்மள நம்பி கத்திய குடுக்கத் தோணும், இங்க ரெண்டு வருஷம் அங்க ஒரு வருஷம்னு போனா எந்த பாஸுக்கு நம்ம மூஞ்சி மனசுல நிக்கும்? அதப் பத்தி யாரும் பேசல. அதனால ட்ரான்ஸ்ஃபர் ஆனாலும் பழைய பாஸுக்கு மாசம் ஒரு மெசேஜ் போடுங்க. தீபாவளி வாழ்த்து ஃபார்வர்ட் இல்ல, ஒரு கேஸப் பத்தி ஒரு கேள்வி.

கேள்வி: மாஸ்டர்ஸ் மூணாவது வருஷம். இன்னும் லாப்ரஸ்கோப்பியில (சின்னத் துளை வழியா கேமரா விட்டு செய்யுற ஆபரேஷன்ல) கேமராதான் புடிச்சுக்கிட்டு இருக்கேன். "பாத்துக்கிட்டே இரு, வந்துரும்"னு சொல்றாங்க. வருமா டாக்டர்? – கேமராக்காரன், கிள்ளான் பள்ளத்தாக்கு

பதில்: வராது. நாலு வருஷ ப்ரோக்ராம்ல மூணாவது வருஷமும் கேமரான்னா யாரோ தூங்கிக்கிட்டு இருக்காங்க, அது நீங்களாவும் இருக்கலாம், உங்க சூப்பர்வைசராவும் இருக்கலாம்.

ஓ.டி.யில கத்துக்குடுக்குறத நாலு படியா பிரிச்சு ஸ்விஷ் ஸ்கேல்னு ஒண்ணு வச்சிருக்காங்க, ஸ்விஷன்பெர்கர்ங்கிற அமெரிக்க சர்ஜன் பேர்ல. முதல் படியில பாஸ் செய்வார், செஞ்சுக்கிட்டே சொல்லுவார். அடுத்தது நீங்க செய்வீங்க, பாஸ் ஒவ்வொரு அசைவுக்கும் வழி போட்டுக் குடுப்பார். மூணாவது, பாஸ் நல்ல அசிஸ்டன்ட் மாதிரி நிப்பார், வழி நீங்கதான் பாக்கணும். நாலாவது, நீங்களும் ஜூனியரும் செய்வீங்க, பாஸ் சும்மா பாத்துக்கிட்டு இருப்பார், ஆபத்துன்னா மட்டும் உள்ள வருவார். இதுல தெரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா, ஒரே ஆபரேஷன்ல வேற வேற கட்டத்துக்கு வேற வேற படி இருக்கலாம்.

நான் வேலை செஞ்ச காலத்துல ஒரு பாஸ் இருந்தார், பித்தப்பை ஆபரேஷன் சொல்லிக் குடுக்குறதுல அவர மாதிரி ஆள நான் பாத்ததில்ல. கேமராவ அவரே வாங்கிக்குவார், இன்ஸ்ட்ருமென்ட் ட்ரெய்னி கையில. கேமரா யார்கிட்டயோ அவங்கதான் என்ன பாக்கணும்னு முடிவு பண்றாங்க, அதனால ட்ரெய்னிக்கு வேண்டிய எடத்த அவர் காட்டிக்கிட்டே இருப்பார், வாயத் தொறக்காம. பித்தப்பை கழுத்துகிட்ட கொழுப்ப மெல்ல உரிச்சு எடுத்துக்கிட்டே வரணும், அங்கதான் எல்லாருக்கும் கை நடுங்கும், ஏன்னா தப்பான குழாய வெட்டிட்டா அந்த நோயாளிக்கு வாழ்நாள் பூரா கஷ்டம். குழாய அடைக்கிற கிளிப் எடுன்னு ட்ரெய்னி ஸ்க்ரப் நர்ஸ்கிட்ட கேட்டதும் இவர் "நிறுத்து, கைய எடு, சொல்லு"ம்பார். ட்ரெய்னி திரையக் காட்டி சொல்லணும்: பித்தப்பை கழுத்துகிட்ட இருக்கிற முக்கோணத்துல கொழுப்பு, நாரு எல்லாம் போயிருச்சா, பித்தப்பையோட கீழ்ப்பகுதி மூணுல ஒரு பங்கு ஈரல்லேருந்து பிரிஞ்சு வந்துருச்சா, பித்தப்பைக்குள்ள போறது ரெண்டே ரெண்டு குழாய்தானா. ஸ்ட்ராஸ்பெர்க்ங்கிற சர்ஜன் 1995ல சொன்ன கிரிட்டிக்கல் வியூதான், வெட்டுறதுக்கு முன்னாடி கண்ணால பாத்துக்க வேண்டிய காட்சி, எல்லாருக்கும் புத்தகத்துல தெரியும். ஆனா கேமராவ பின்பக்கம் திருப்பி, "இந்தப் பக்கம் பாத்தியா"ன்னு கேட்டு, அங்க ஒரு மெல்லிசான நாரு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கிறத ட்ரெய்னியே கண்டுபுடிக்கிற வரைக்கும் பேசாம நிப்பார் பாருங்க, மயக்க டாக்டர் கடியாரத்தப் பாத்து பெருமூச்சு விட்டாலும் அசைய மாட்டார். அப்புறம் "சரி, கிளிப்." அவ்ளோதான் அவர் பேச்சு. அந்த டிபார்ட்மென்ட்ல படிச்சவங்க இன்னைக்கும் கிளிப் போடுறதுக்கு முன்னாடி கேமராவ பின்பக்கம் திருப்புறாங்க.

நீங்க செய்ய வேண்டியது: செஞ்ச கேஸெல்லாம் எழுதி வைக்கிற லாக்புக்க எடுத்துக்கிட்டு சூப்பர்வைசர் ரூமுக்குப் போங்க. "கேஸ் குடுக்க மாட்டேங்கிறாங்க"ன்னு அழாதீங்க, "அடுத்த பித்தப்பை கேஸ்ல போர்ட் (கருவி உள்ள போற துளை) நான் போடுறேன் பாஸ், ஈரல்லேருந்து பிரிக்கிற கடைசி கட்டத்த நான் செய்யுறேன், முக்கோணம் நீங்க"ன்னு துண்டு துண்டா கேளுங்க. முழு ஆபரேஷன கேட்டா எந்த பாஸும் யோசிப்பார், ஒரு கட்டத்த கேட்டா மறுக்குறது கஷ்டம்.

கேள்வி: என் மகள் ஹவுஸ்மேன், இப்ப சர்ஜரி போஸ்டிங். சின்னப் புள்ளையிலேருந்து சர்ஜன் ஆகணும்னு சொன்னவ, இப்ப வீட்டுக்கு வந்தா பேசுறதே இல்ல, சோறுகூட ஒழுங்கா சாப்புடல. ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர் நர்ஸுங்க, நோயாளிங்க முன்னாடியே "உனக்கெல்லாம் யார் டிகிரி குடுத்தா"ன்னு கேக்குறாராம். எங்க உறவுக்காரர் ஒரு டாக்டர், "சர்ஜரின்னா அப்படித்தான், அடி வாங்குனாத்தான் உருப்படுவாங்க"ங்கிறார். உண்மையா டாக்டர்? – ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, உங்க உறவுக்காரர் சொல்றத நானும் ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவர் அடி வாங்குனார், உருப்பட்டார், அதனால அடிதான் காரணம்னு நெனச்சுக்கிட்டார். அவர் கூட அடி வாங்கி ஓடிப்போனவங்க யாரும் இப்ப அவர் முன்னாடி உக்காந்து கதை சொல்றது இல்லையே.

கண்டிப்பு வேற, அவமானம் வேற. "நீ போட்ட ஃப்ளூயிட் கணக்கு தப்பு, போய் மறுபடி பாரு, பத்து நிமிஷத்துல எனக்கு சொல்லு"ன்னு குரல் ஒசந்து சொன்னா அது கண்டிப்பு, ராத்திரி ரெண்டு மணிக்கு வயிறு பூரா சீழோட ஒருத்தர் கெடக்குறப்ப யாரும் தேனா பேச மாட்டாங்க, அத உங்க மக தாங்கித்தான் ஆகணும். "உனக்கு யார் டிகிரி குடுத்தா"ங்கிற பேச்சுல கத்துக்கிறதுக்கு என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. இன்னொரு ஆபத்தும் இருக்கு, இப்படிப் பேசுற ஆளுக்கு ஹவுஸ்மேன் போன் பண்ணவே பயப்படுவாங்க, ராத்திரி நோயாளிக்கு பிரஷர் எறங்குறத விடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு தள்ளிப் போடுவாங்க. 2022ல சுகாதார அமைச்சே இந்த வேலை கலாச்சாரத்தப் பாக்குறதுக்குத் தனியா ஒரு குழு போட்டுச்சு, அதனால இது உங்க மகளோட கற்பனையோ பலவீனமோ இல்ல.

நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுடாதீங்க, தயவு செஞ்சு. தேதி, நேரம், என்ன சொன்னார், யார் பக்கத்துல இருந்தாங்கன்னு மகளையே ஒரு நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க. ஹவுஸ்மேனுங்கள பாத்துக்கிறதுக்குன்னே ஒரு சூப்பர்வைசர் இருப்பார், அவர்கிட்ட மொதல்ல போகட்டும். சர்ஜரி போஸ்டிங் நாலு மாசம்தான், ஒரு ஆளோட வாய்க்காக ஒரு துறையவே வேணாம்னு இப்பவே முடிவு பண்ண வேணாம்னு சொல்லுங்க, அதே வார்டுல வேற ஒரு ஸ்பெஷலிஸ்ட் கண்டிப்பா மனுஷனா இருப்பார், அவர் ரவுண்டுக்கு பின்னாடியே நடக்கச் சொல்லுங்க. சாப்பாடு எறங்கல, தூக்கம் இல்ல, பேச்சும் இல்லன்னா அத மட்டும் சாதாரணமா எடுத்துக்காதீங்க, இந்த வாரமே ஒரு டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போங்க, டாக்டருக்கும் டாக்டர் வேணும்.

கேள்வி: யூடியூப்ல எல்லா ஆபரேஷனும் இருக்கு, ரோபோ வந்துருச்சு, இப்ப ஏஐ வேற. இனிமே குரு எதுக்கு? – புடு, கோலாலம்பூர்

பதில்: யூடியூப் வீடியோவுல ரத்தம் பீச்சி அடிச்ச எடத்த வெட்டி எடுத்துட்டுத்தான் போடுவாங்க தம்பி. அந்த ரெண்டு நிமிஷத்துக்குத்தான் ஆள் வேணும்.

கேள்வி: ரெண்டு வருஷம் நானே டேட்டா எடுத்து, நானே எழுதுன பேப்பர். கடைசி நேரத்துல முதல் பேரா பாஸ் பேரப் போடச் சொல்றாங்க, பேப்பரப் படிக்காத ரெண்டு பேர் வேற நடுவுல வர்றாங்க. வாய மூடிக்கிட்டு இருந்தா நல்ல புள்ள, கேட்டா எதிரி. என்ன பண்றது? – பெயர் வேண்டாம்

பதில்: பெயர் வேண்டாம்னு நீங்க எழுதுனதுலயே பாதி கதை தெரியுது.

விதி என்னன்னா, மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களோட சர்வதேச குழு நாலு நிபந்தனை வச்சிருக்கு, நாலும் சேர்ந்து இருக்கணும். திட்டம் போட்டதுலயோ டேட்டா எடுத்து அலசுனதுலயோ உருப்படியான பங்கு, எழுதுனதுலயோ ஆழமா திருத்துனதுலயோ பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், நாளைக்கு ஏதாச்சும் கேள்வி வந்தா பொறுப்பேத்துக்கிறது. படிக்காதவங்களுக்கு இதுல எங்க எடம்? நன்றி சொல்ற பகுதியில போடலாம், அதுக்குத்தான் அந்தப் பகுதி இருக்கு.

நடைமுறைக்கு வருவோம். உங்க துறையில கடைசிப் பேர்தான் சீனியருக்கான எடம், கரஸ்பாண்டிங் ஆத்தருக்கும் (ஜர்னலோட கடிதம் பேசுறவர்) யுனிவர்சிட்டியில மதிப்பு இருக்கு. பாஸுக்கு ப்ரமோஷனுக்கோ கேபிஐக்கோ (வருஷ வேலை இலக்குக்கோ) ஏதோ தேவை இருக்கும், அது என்னன்னு பாத்து அந்த எடத்த நீங்களே குடுங்க: "பாஸ், நீங்க கடைசி பேர், கரஸ்பாண்டிங்கும் நீங்களே, முதல் பேர் மட்டும் எனக்கு வேணும், மாஸ்டர்ஸுக்கு ஆகும்." எழுத்துல கேளுங்க, மெயில்ல, மரியாதையா. அடுத்த பேப்பருக்கு ஆரம்பிக்கிற அன்னைக்கே பேர் வரிசைய பேசி முடிச்சுடுங்க, முடிக்கிற அன்னைக்குப் பேசுறதாலதான் இத்தன சண்டை.

நல்ல சூப்பர்வைசர் உங்க பேப்பர எப்படித் திருப்பிக் குடுப்பார்னு தெரியுமா? என் நண்பர் ஒருத்தர், இப்ப ரிட்டையர் ஆயிட்டார், ட்ரெய்னி கொண்டுவர்ற டிராஃப்ட்ல இங்கிலீஷத் திருத்த மாட்டார். ரிசல்ட் டேபிளத் தொறந்து, "ஆரம்பத்துல இத்தன பேர், கடைசி வரியில இத்தன பேர், நடுவுல காணாமப் போன நோயாளிங்க எங்க"ன்னு பென்சில்ல ஒரே ஒரு கேள்வி எழுதி குடுப்பார். ட்ரெய்னி ரெக்கார்ட் ரூமுக்கு ஓடுவான், போன் நம்பர் தேடுவான், பினாங்குல இருந்தவர் ஜொகூர் போயிட்டார், ஒருத்தர் இறந்தே போயிட்டார்னு அப்பத்தான் தெரியவரும், பேப்பரோட முடிவே மாறிப்போகும். அவர் பேர் அந்த பேப்பர்ல கடைசியில இருக்கும், யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க.

கேள்வி: சர்ஜரி ட்ரெய்னி நான், பொண்ணு. டிபார்ட்மென்ட்ல மேல இருக்கிறவங்க எல்லாரும் ஆம்பளைங்க. அக்கறையாத்தான் பேசுறாங்க, "கல்யாணம் ஆனா கஷ்டம்மா, பிரெஸ்ட் சர்ஜரி எடுத்துக்கோ, இல்ல அனஸ்தீசியா போயிடு"ன்னு. இது வழிகாட்டுறதா, வழிய மறிக்கிறதா? – பங்சார்

பதில்: நல்லா கேட்டம்மா. உனக்கு ஒரு பழைய கதை சொல்றேன், நீயே முடிவு பண்ணிக்கோ.

வர்ஜீனியா அப்கார். பொறந்த கொழந்தைக்கு ஒரு நிமிஷத்துல, அஞ்சு நிமிஷத்துல அப்கார் ஸ்கோர் போடுறோமே, அந்த அம்மாதான். அவங்க அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டியில சர்ஜரி பயிற்சி எடுத்தவங்க. அங்க சர்ஜரி தலைவர் ஆலன் விப்பிள், கணைய ஆபரேஷனுக்கு அவர் பேர்தான் இன்னைக்கும். அவர் இந்தம்மாவக் கூப்பிட்டு, பொம்பளைங்களுக்கு சர்ஜரியில பொழப்பு நடத்துறது கஷ்டம், மயக்க மருந்து துறைக்குப் போன்னு சொன்னார். போனாங்க, அங்க பெரிய ஆளானாங்க, 1949ல அந்த மருத்துவக் கல்லூரியோட முதல் பெண் முழு ப்ரொஃபசர், 1953ல அந்த ஸ்கோர் வெளிவந்துச்சு. விப்பிள் நல்ல வழிகாட்டின்னு நெறைய பேர் எழுதுறாங்க. எனக்கு அதுல பாதிதான் சம்மதம். அந்தம்மா எந்த துறைக்குப் போயிருந்தாலும் ஜெயிச்சிருப்பாங்க, அவர் மூடுன கதவுக்கு அவங்க திறமையத்தான் சாக்கா காட்டுறோம். அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டி சர்ஜரி டிபார்ட்மென்டுக்கு ஒரு பெண் தலைவரா வர்றதுக்கு 1987 ஆச்சு, ஓஹாயோ ஸ்டேட்ல ஓல்கா யோனாசன்.

ஆம்பள பாஸ் உனக்கு நல்ல குருவா இருக்க முடியுமா? தாராளமா. எனக்கு கத்திய குடுத்தவங்க எல்லாருமே ஆம்பளைங்கதான், அப்ப வேற ஆளே இல்ல. ஆனா சோதனை அதேதான்: அவர்கிட்ட படிச்ச பொண்ணுங்க எங்க இருக்காங்க? ரெண்டு மூணு பேராவது கன்சல்டன்டா இருந்தா அவர் அக்கறை உண்மை. எல்லாரையும் "பத்திரமா" வேற துறைக்கு அனுப்பி வச்சிருந்தார்னா, அவர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும் உனக்கு ஆக மாட்டார். பிரெஸ்ட் சர்ஜரி நல்ல துறைதான், உனக்குப் புடிச்சா எடு, உன் கல்யாணத்துக்காக இன்னொருத்தர் எடுத்துக் குடுக்க வேணாம்.

கேள்வி: யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மெடிக்கல் மாணவன், சொந்த ஊர் பினாங்கு மாநிலத்துல நிபோங் திபால். தாத்தா பாட்டி தோட்டத்துல வேலை செஞ்சவங்க, அப்பா ஃபேக்டரி. எங்க குடும்பத்துலயே டாக்டர் கெடையாது. கூட படிக்கிற பசங்களுக்கு அப்பா, மாமான்னு ஆள் இருக்காங்க, எந்த எலெக்டிவ் (நாமளே தேர்ந்தெடுக்குற பயிற்சி), எந்த பரீட்சைன்னு வீட்லயே சொல்லிக் குடுத்துடுறாங்க. நான் யாரப் போய் கேக்குறது?

பதில்: தம்பி, ஆள் இல்லங்கிறது பெரிய கொறதான், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா தெரிஞ்சுக்கோ, உன் ஊர் பக்கத்துல பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல படிச்ச வூ லியன் தே, நகை செய்யிறவர் மகன், 1896ல குயின்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கி கேம்பிரிட்ஜ் போனார், அப்புறம் லிவர்பூல்ல மலேரியா ஆராய்ச்சி செஞ்ச ரொனால்ட் ராஸ்கிட்ட, பாரிஸ்ல மெச்னிகாஃப்கிட்டன்னு தேடிப் போய் கத்துக்கிட்டார். மஞ்சூரியாவுல 1910-11 பிளேக்க அடக்குனது அவர்தான். சர்ஜன் இல்ல, ஆனாலும் ஆள் தேடுறதுன்னா என்னன்னு அவர்கிட்டதான் பாக்கணும். கோலாலம்பூர்ல மலாயா பல்கலைக்கழக மருத்துவ பீடத்த நிறுத்துன முதல் டீன் டி.ஜே. தனராஜ், அந்த மருத்துவ நூலகத்துக்கே அவர் பேர்தான். அவர் காலத்துல 1964ல உள்ள வந்த முதல் பேட்ச் பசங்களுக்கு அங்க கேக்குறதுக்கு சீனியருங்களே கெடையாது.

இன்னொண்ணு, டிகிரி பெருசா உள்ளவங்கதான் குருன்னு நெனைக்காத. விவியன் தாமஸ்னு ஒரு கறுப்பினத்தவர், டாக்டருக்குப் படிக்க காசு சேத்து வச்சிருந்தார், அமெரிக்காவுல பொருளாதாரம் விழுந்ததுல படிப்பு தள்ளிப்போச்சு, 1930ல ஆல்ஃப்ரெட் பிளாலாக்ங்கிற சர்ஜனோட லேப்ல வேலைக்குச் சேர்ந்தார், அப்புறம் பேங்க் மூழ்கி அந்தக் காசும் பூரா போச்சு. சம்பளம் கூட்டிப் பெருக்குறவங்க கணக்குல. நாய்ங்க மேல ஆபரேஷன் பண்ணிப் பண்ணி, நீலக் கொழந்தை (இதயக் கோளாறால உடம்பு நீலமாப் போற கொழந்தை) ஆபரேஷனோட நுணுக்கத்த எல்லாம் கையில கொண்டுவந்தவர் அவர்தான். 1944 நவம்பர் 29ஆம் தேதி பிளாலாக் முதல் கொழந்தைக்கு ஆபரேஷன் பண்ணப்ப, இவர் பின்னாடி ஒரு ஸ்டூல் மேல நின்னு தோளுக்கு மேல பாத்து சொல்லிக் குடுத்தார். அன்னைக்கு அந்த ஓ.டி.யில இன்டர்னா நின்ன டென்டன் கூலி பின்னாடி பெரிய ஹார்ட் சர்ஜன் ஆனார். அவர மாதிரி ஒரு தலைமுறை சர்ஜனுங்களுக்கு தையல் போட சொல்லிக் குடுத்தது டிகிரியே இல்லாத தாமஸ். 1976லதான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் குடுத்துச்சு. பிளாலாக் அவர வளத்தாரா, உறிஞ்சிக்கிட்டாரான்னு கேட்டா ரெண்டும்தான்னு சொல்லுவேன்.

அதனால நீ மொதல்ல போக வேண்டியது ஓ.டி. சிஸ்டர்கிட்ட. எந்த சர்ஜன் நல்லா சொல்லிக் குடுப்பார், எந்த சர்ஜன் கருவிய வீசுவார்னு அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. காலையில லிஸ்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போய் நில்லு, நோயாளிய ட்ராலியிலேருந்து மாத்துறதுக்கு ஒரு கை குடு, பேர் சொல்லி கும்புட்டுட்டுப் பேசு. ரெண்டாவது, உனக்கு ரெண்டே வருஷம் மூத்த எம்.ஓ. யாரையாச்சும் புடி, ப்ரொஃபசருக்கு மாஸ்டர்ஸ் நுழைவுக்கான மெட்எக்ஸ் பரீட்சைக்கு எப்படி அப்ளை பண்றதுன்னு ஞாபகம் இருக்காது, போன வருஷம் எழுதுனவனுக்குத்தான் தெரியும். ஷூ கயிற மேசை இழுப்பறை கைப்பிடியில கட்டி ஒத்தக் கையில முடிச்சு போடப் பழகு, டிவி பாத்துக்கிட்டே போடுற அளவுக்கு. ஓ.டி.யில ஒருத்தர் "முடிச்சு போடத் தெரியுமா"ன்னு கேக்குறப்ப தெரியும்னு சொல்லி கைய நீட்டுறவன் பேர அவங்க விசாரிச்சு வச்சுக்குவாங்க.

கேள்வி: நான் ஒரு மருத்துவ பீடத்துல சர்ஜரி லெக்சரர். அஞ்சு வருஷமா தூக்கி வளத்த ட்ரெய்னி, என் எடத்துக்கு வரப்போறான்னு நெனச்சேன், இப்ப வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புக்கு (மேற்பயிற்சிக்கு) ரெஃபரன்ஸ் லெட்டர் கேக்குறா, திரும்பி வருவாளான்னே தெரியல. மனசு ஒட்ட மாட்டேங்குது. எழுதணுமா? – கோலாலம்பூர்

பதில்: எழுதுங்க சார், இந்த வாரத்துக்குள்ள. ஃபெல்லோஷிப்புக்கு கடைசி தேதி இருக்கும், உங்க மனசு ஒட்டுற வரைக்கும் அது நிக்காது. ஹால்ஸ்டட்கிட்ட இருந்த குஷிங்கும் கடைசியில ஹார்வர்ட்தான் போனார், அதனால ஹால்ஸ்டட் பேர் கொறஞ்சா போச்சு? அவ திரும்பி வரலன்னா யுனிவர்சிட்டிக்கு நஷ்டம்தான், சம்பளமும் ஆன்-காலும் மீட்டிங்கும் இப்படியே இருந்தா அவ மட்டும் இல்ல இன்னும் நாலு பேர் போவாங்க, அத டீன்கிட்ட பேசுங்க, அவகிட்ட காட்டாதீங்க.

எழுதுறப்ப "கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்"னு எழுதிடாதீங்க. அத படிக்கிற வெளிநாட்டு சர்ஜன் தினம் இருபது லெட்டர் பாக்குறவர், எல்லாத்துலயும் அதேதான் இருக்கும். நீங்க ஸ்க்ரப் பண்ணாம ரூம்ல உக்காந்திருக்கிறப்ப அவ தனியா முடிச்ச ஆபரேஷன் எது எதுன்னு எழுதுங்க. ராத்திரி எந்த கேஸ்ல உங்களக் கூப்பிட்டா, எந்த கேஸ்ல கூப்பிடல, அந்த ரெண்டு முடிவும் சரியா இருந்துச்சான்னு எழுதுங்க. மார்ட்டாலிட்டி மீட்டிங்ல (இறப்பு, சிக்கல் கேஸ அலசுற கூட்டத்துல) அவளோட சிக்கலான கேஸ அவளே எந்திரிச்சு எப்படி சொன்னான்னு ரெண்டு வரி எழுதுங்க. ஒரு பக்கம் போதும். லெட்டர் போறதுக்கு முன்னாடி உங்க போன் நம்பர கீழ போட்டு, எந்த நேரமும் கூப்பிடலாம்னு சேத்துடுங்க, அவங்க கூப்பிட்டுக் கேப்பாங்க.